பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னால் அவர் வங்கிக்காரரா?

கேள்வி: போன வாரம் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் கூப்பிட்டார். என் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, கார்டின் கடைசி நாலு எண்கள் எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஓடிபி கேட்டபோது சந்தேகம் வந்து வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். என் விவரங்கள் எப்படி வெளியே போயின? இனி என் அடையாளத்தையும் பணத்தையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

பதில்:

வைத்துவிட்டீர்கள் அல்லவா, நல்லது. ஒரு வங்கியில் மோசடிப் புகார்களைப் பார்க்கும் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன வரி ஒன்று உண்டு: "அவனுக்கு என் விவரம் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு சார், அதான் நம்பிட்டேன்." ஆகவே உங்கள் கேள்வியின் முதல் பாதியிலேயே கொஞ்சம் நிற்கிறேன். மிச்சமெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

விவரம் எங்கிருந்து போனது என்று தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். நீங்கள் வாய் தவறி யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் திருடு போயின. அவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனத்துக்கு நேரடியாக ஒரு படிவம்கூட நிரப்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கடன் வாங்கிய இடங்களும் கார்டு வாங்கிய இடங்களும்தான் விவரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. திருட்டுக்குக் காரணம் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தம் அந்த வருடம் மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது. நிறுவனம் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். லிங்க்டுஇன் கதை இன்னும் விசித்திரம். 2012-இல் திருடு போனது. அப்போது வெளியே தெரிந்தது சுமார் 65 லட்சம் கடவுச்சொற்கள். நாலு வருடம் கழித்து, 2016-இல், அதே திருட்டின் மிச்சம் 11.7 கோடிக் கணக்குகளாகச் சந்தைக்கு வந்தது. நாலு வருடம் எங்கோ யாரோ கையில் இருந்திருக்கிறது.

இதனால்தான் "உங்கள் விவரங்களை யாரிடமும் பகிராதீர்கள்" என்ற வழக்கமான அறிவுரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தவறில்லை, ஆனால் காலம் கடந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, போன் எண், அடையாள அட்டை எண் எல்லாம் ஏற்கெனவே வெளியே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். அவை ரகசியம் அல்ல, ஊரறிந்த செய்தி. ஊரறிந்த செய்தியை ஒருவர் சொல்வதால் அவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார்.

கார்டின் கடைசி நாலு எண்கள் ரசீதுகளில் அச்சாகிறவை. இன்னொரு தந்திரம் உண்டு: கூப்பிடுகிறவர் கார்டின் முதல் ஆறு எண்களை மளமளவென்று சொல்லிவிட்டு, "மீதியை நீங்க சொல்லுங்க, சரிபார்த்துக்கலாம்" என்பார். ஆரம்பத்தில் வரும் அந்த ஆறு அல்லது எட்டு எண்கள் கார்டு வழங்கிய வங்கியைக் குறிப்பவை. ஒரே வங்கியின் ஒரே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் அவை ஒன்றுதான். கேட்பவருக்கு அது தெரியாது. மாயம் போலத் தோன்றும்.

இதில் ஒரு பக்கச் சாய்வைக் கவனியுங்கள். வங்கிக்கு நீங்கள் கூப்பிட்டால், நீங்கள்தானா என்று சோதிக்க அவர்களிடம் நாலு வழி இருக்கிறது. அவர்கள் உங்களைக் கூப்பிட்டால், அவர்கள்தானா என்று சோதிக்க உங்களிடம் ஒரு வழியும் இல்லை. திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்டலாம். குறுஞ்செய்தியின் தலைப்பில் வரும் அனுப்புநர் பெயரையும் பல இடங்களில் போலியாக வைக்கலாம். அப்படி வைத்தால் போலிச் செய்தி, வங்கி இதுவரை அனுப்பிய நிஜச் செய்திகளுக்குக் கீழேயே, அதே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். போன் பெயரை வைத்துத்தான் அடுக்குகிறது. உண்மையை வைத்து அல்ல.

ஆகவே அழைத்தவரைச் சோதித்துப் பார்க்க முயலவே வேண்டாம். வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். தேடுபொறியில் எண் தேடாதீர்கள். வாடிக்கையாளர் சேவை எண் என்று விளம்பரம் போட்டுக் காத்திருப்பவர்கள் அங்கேயும் உண்டு. பழைய தரைவழி போன் என்றால் வேறொரு போனிலிருந்து கூப்பிடுங்கள். எதிர்முனையில் இருப்பவர் வைக்காமல் லைனைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் புதிதாக அழைத்த வங்கியே எடுத்தது போல நடிக்கும் ஏமாற்று வேலை உண்டு.

மனிதர்கள் ஓடிபியை ஏன் சொல்லிவிடுகிறார்கள் என்று வெளியே இருப்பவர்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் சிரிப்பு வராது. அந்த அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "சார், உங்க கார்டுல ஒரு பெரிய தொகை போகப் பாக்குது. நீங்கதான் பண்றீங்களா?" நீங்கள் பதறி, "இல்லையே!" என்கிறீர்கள். "கவலைப்படாதீங்க சார், நிறுத்திடலாம். நிறுத்துறதுக்கு ஒரு நம்பர் வரும், அதை மட்டும் சொல்லுங்க." சொல்லி வைத்தாற்போல போன் அதிர்கிறது. இதுவரை திருடனாக இருந்தது வேறு யாரோ. பேசுகிறவர் உங்களைக் காப்பாற்ற வந்தவர். அந்த நம்பரைச் சொல்லாமல் இருப்பதுதான் அந்த நிமிடத்தில் முட்டாள்தனமாகத் தெரியும்.

இப்போது அந்தச் செய்தியை நிதானமாக எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான வங்கிகளின் ஓடிபி செய்தியில் எண் மட்டும் இருக்காது. இன்ன தொகை, இன்னாருக்கு, இந்தப் பணம் செலுத்த என்று ஒரு வாக்கியம் இருக்கும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் இருக்கும். அதாவது திருட்டின் முழு விவரமும் உங்கள் கையிலேயே எழுத்தில் வந்துவிடுகிறது. ஆனால் யாரும் படிப்பதில்லை, ஏனென்றால் போன் படிக்க விடுவதில்லை. திரையின் மேல்விளிம்பில் ஆறு எண்கள் மட்டும் பெரிதாகத் தெரிகின்றன, "நகலெடு" என்று ஒரு பொத்தானும் கூடவே. பல ஆண்டுகளாகக் கண் அந்த ஆறு எண்களை மட்டும் பொறுக்கப் பழகிவிட்டது. நான் பேசிய பலர், புகார் எழுதும்போதுதான் அந்தச் செய்தியை முதன்முதலாக முழுதாகப் படித்தார்கள். ஒருவர் என் எதிரிலேயே படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

எனவே ஒரு பழக்கம்: எண்ணுக்கு முன்னால் எழுத்து. செய்தியைத் திறந்து, வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் எண்ணைத் தொடுவது. வாய்விட்டுப் படித்தாலே பல மோசடி அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று: ஒரு பரிமாற்றத்தை நிறுத்த ஓடிபி வேண்டியதில்லை, பணம் வாங்கவும் ரகசியப் பின் எண் வேண்டியதில்லை. இரண்டும் பணத்தை வெளியே விடுவதற்கானவை. "உங்களுக்குப் பணம் வரணும், பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அந்தப் பேச்சு அங்கே முடிந்தது.

லிங்க்குகளுக்கு வருவோம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று ஒரு காலத்தில் நாங்களே சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பூட்டு, வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் சொன்னது. மறுமுனையில் இருப்பது யார் என்று சொல்லவில்லை. போலித் தளங்களும் இலவசமாகவே அதை வாங்கிக்கொண்டன. கூகுள் குரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பதும் பழங்கதை. செயற்கை நுண்ணறிவு புண்ணியத்தில் இப்போது மோசடிக் கடிதங்கள் வங்கிக் கடிதங்களைவிட நன்றாக எழுதப்படுகின்றன.

முகவரியை இப்படிப் படியுங்கள். இரட்டைச் சாய்கோட்டுக்கு அடுத்து, முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ள துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வலமிருந்து இடமாகப் பாருங்கள்; புள்ளியால் பிரிந்த கடைசி இரண்டு துண்டுகள்தான் கணக்கு. உதாரணமாக "உங்கள்வங்கி.காம்.கணக்குச்சோதனை.நெட்/உள்நுழைவு" என்று இருந்தால், அந்தத் தளத்தின் சொந்தக்காரர் "கணக்குச்சோதனை.நெட்". முன்னால் வரும் வங்கிப் பெயர் வெறும் அலங்காரம். யார் வேண்டுமானாலும் தங்கள் வாசலில் அந்தப் பலகையை மாட்டலாம். சில நாட்டு முகவரிகளில் முடிவில் இரண்டு துண்டுகள் (.கோ.இன் போல) பொதுவானவை. அங்கே இன்னும் ஒரு துண்டு இடப்பக்கம் நகர வேண்டும். இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிஜமாகவே ஒரு பார்சலுக்குக் காத்திருந்த நாளில், முகவரி சரியில்லை, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று எனக்கு ஒரு செய்தி வந்தது. திறந்தேன். கார்டு எண்ணில் பாதி அடித்தும்விட்டேன். அந்த நேரம் வேறொரு அழைப்பு வந்து கை நின்றது, திரும்பி வந்து பார்த்தபோதுதான் முகவரி கண்ணில் பட்டது. இந்த வேலையையே தொழிலாகச் செய்தவன் நான். காப்பாற்றியது என் அறிவு அல்ல, யாரோ தற்செயலாகக் கூப்பிட்டது.

அந்த நிமிடத்தில் புத்திசாலியாக இருப்பதை நம்பாமல், நிதானமாக இருக்கும் இன்றே சில கதவுகளைப் பூட்டிவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் கதவு மின்னஞ்சல். பலர் வங்கிக் கணக்குக்குத்தான் கடினமான கடவுச்சொல் வைப்பார்கள். மின்னஞ்சலுக்குப் பத்து வருடத்துப் பழைய சொல் இருக்கும். ஆனால் உங்களுடைய மற்ற கணக்குகளில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் கடிதம் எங்கே போகிறது? அங்கேதான். மின்னஞ்சல் போனால் வரிசையாக எல்லாம் போகும். உள்ளே நுழைந்தவன் சத்தம் போட மாட்டான். அமைப்புகளில் ஒரு சின்ன விதி எழுதிவைப்பான்: வங்கியிலிருந்து வரும் கடிதமெல்லாம் படித்ததாகக் குறிக்கப்பட்டு நேரே குப்பைக்கூடைக்கு. அல்லது எல்லாவற்றின் நகலும் அவன் முகவரிக்கு. கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். இன்று ஒருமுறை உங்கள் மின்னஞ்சலில் வடிகட்டிகள், தானாக முன்னனுப்பும் முகவரி, மீட்பு எண், உள்நுழைந்திருக்கும் கருவிகள் இந்த நாலையும் திறந்து பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பார்த்தபோது, மீட்பு எண்ணாக எப்போதோ விட்டுவிட்ட பழைய சிம்மின் எண் இருந்தது. அந்த எண் இப்போது வேறு யாரிடமோ.

இரண்டாவது சிம். உங்கள் எண்ணை வேறொரு சிம்மில் ஏற்றிவிட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே இப்படித்தான் பறிபோனது: அவருடைய போன் எண்ணைக் கைப்பற்றி, குறுஞ்செய்தி வழியாகப் பதிவு போட்டார்கள். ஆகவே காரணமே இல்லாமல் போனில் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனச் சிக்னல் இருந்தால், "டவர் பிரச்சினை போல" என்று விட்டுவிடாதீர்கள். இன்னொரு போனிலிருந்து உடனே நிறுவனத்தைக் கேளுங்கள். எண்ணை மாற்ற கூடுதல் கடவுச்சொல் வைக்கும் வசதியை உங்கள் நிறுவனம் தந்தால் போட்டுவிடுங்கள். இன்னொரு வகைத் திருட்டில் சிம்மைத் தொடவே மாட்டார்கள். "இந்த நம்பரை டயல் பண்ணுங்க, நெட்வொர்க் சரியாயிடும்" என்று நட்சத்திரமும் எண்களும் கலந்த ஒன்றைச் சொல்வார்கள். அது உங்கள் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. அப்படி ஏதாவது டயல் செய்துவிட்டதாக நினைவிருந்தால், பல மொபைல் இணைப்புகளில் ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்பமும் நீங்கும்.

கடவுச்சொற்களைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஒரு சொல் ஒரு இடத்துக்கு மட்டும். நினைவில் வைக்க முடியாது, ஆகவே கடவுச்சொல் மேலாளர் ஒன்று. அதற்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு: போலித் தளத்தில் அது தானாக நிரப்பாது. அது மௌனமாக இருந்தால் நீங்கள் நின்று முகவரியைப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கத்தை விட்டுவிடலாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017-இல் அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம், நீளம்தான் முக்கியம் என்று எழுதிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுகிறார்கள். உங்கள் மின்னஞ்சல் எந்தக் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று பார்க்க, டிராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளம் இருக்கிறது. பாருங்கள், ஆனால் பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம்.

கடவுச்சொல்லுக்கு மேல் போடும் இரண்டாம் பூட்டில் தரம் உண்டு. குறுஞ்செய்தி ஓடிபி, ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் செயலி அதைவிட மேல், சிம் போனாலும் அது போகாது. ஆனால் இரண்டிலும் நீங்கள் ஒரு எண்ணைப் பார்த்து அடிக்கிறீர்கள். பார்த்து அடிப்பதைப் பார்த்துச் சொல்லவும் முடியும், போலித் தளத்தில் அடிக்கவும் முடியும். பாஸ்கீ என்பது வேறு சாதி. அந்தச் சாவி உங்கள் கருவிக்குள் இருக்கிறது, எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்த முகவரியில் மட்டும்தான் திறக்கும். நீங்களே ஏமாந்து கொடுக்க நினைத்தாலும் கொடுக்க ஒன்றும் இல்லை. மின்னஞ்சலில் அந்த வசதி இருந்தால் இன்றே போடுங்கள்.

இவ்வளவும் செய்து, ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். வாழ்நாள் சேமிப்பு முழுதும் ஒரே கணக்கில், அந்தக் கணக்கே போனில், அதன் தினசரி வரம்பு வங்கி அனுமதிக்கும் உச்சத்தில். என் அறிவுரைகளில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்: அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு, அது மட்டும் போனில். சேமிப்பு வேறு கணக்கில், அதற்குச் செயலியும் வேண்டாம், கார்டும் வேண்டாம். வரம்புகளை உங்கள் பழக்கத்துக்கு ஏற்பக் குறையுங்கள். வெளிநாட்டுப் பரிமாற்றம் வேண்டாமென்றால் அணைத்துவையுங்கள். எவ்வளவு சின்னத் தொகை போனாலும் செய்தி வரும்படி வையுங்கள். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று திருடர்கள் முதலில் சில்லறைத் தொகையில்தான் தட்டிப் பார்ப்பார்கள். எல்லாச் சுவரையும் தாண்டி ஒருவன் வந்தாலும் அவன் கைக்கு எட்டுவது ஒரு மாதச் செலவுப் பணம் மட்டும் என்று இருந்தால், அன்று இரவு தூங்கலாம்.

அடையாளத் திருட்டு என்று நீங்கள் கேட்டதில் இன்னொரு முகம் இருக்கிறது: உங்கள் பணத்தைத் தொடாமல், உங்கள் பெயரில் கடன் வாங்குவது, சிம் வாங்குவது, கணக்குத் தொடங்குவது. இது மெதுவாகத்தான் தெரியவரும். கடன் வசூலிப்பவர் கூப்பிடும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. இதற்கு மருந்து கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து உங்கள் கடன் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறையாவது வாங்கி, நீங்கள் வாங்காத கடன், நீங்கள் கேட்காத கடனுக்கான விசாரணை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது. பல நாடுகளில் இலவசம். அமெரிக்காவில் 2018 செப்டம்பரிலிருந்து அந்த நிறுவனங்களில் உள்ள உங்கள் கோப்பையே காசில்லாமல் உறைய வைத்துவிடலாம். நீங்கள் திறக்கும்வரை உங்கள் பெயரில் புதுக் கடன் கொடுப்பது கடினம். குழந்தைகளின் அடையாள எண்களையும் மறந்துவிடாதீர்கள். பத்து வயதுக் குழந்தையின் பெயரில் கடன் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, அது தெரிந்துதான் அவற்றைத் தேடுகிறார்கள்.

அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே படும்படி, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதிவிடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். நெதர்லாந்து அரசு இதற்காகவே கோப்பிஐடி என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. எண்ணை மறைத்து, காரணத்தை நகலின் மேல் அச்சிட்டுத் தரும். பேனாவும் அதே வேலையைச் செய்யும்.

எதற்கு அதிகம் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பொது வைஃபை, பொது இடத்து யுஎஸ்பி சார்ஜர் பற்றி எச்சரிக்கைகள் நிறையச் சுற்றுகின்றன. என் மேஜைக்கு அந்த வழியாக ஒரு புகார்கூட வந்ததாக நினைவில்லை. அந்தக் கவலையை எடுத்து, திரைப் பகிர்வுச் செயலிகளின் மேல் வையுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் நியாயமான கருவிகள். ஆனால் முன்பின் தெரியாதவர் சொல்லி அவற்றை நிறுவினால், உங்கள் போனை அவர் கையில் கொடுத்ததற்குச் சமம்.

குரலையும் முகத்தையும் இனி சாட்சியாக எடுக்க முடியாது. 2024 தொடக்கத்தில் வெளியான செய்தி: அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், நிதி அதிகாரியும் சகாக்களும் இருந்த வீடியோ கூட்டத்தில் கலந்துகொண்டு, சொன்னபடி 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். கூட்டத்தில் இருந்த மற்ற எல்லாரும் போலி. அவர் முதலில் வந்த மின்னஞ்சலைச் சந்தேகப்பட்டவர்தான். முகங்களைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. "அம்மா, நான்தான், ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்பு" என்று மகன் குரலில் அழைப்பு வந்தாலும் செய்ய வேண்டியது அதேதான்: வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மகனின் எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுவது.

இனி, நடந்துவிட்டால். பணம் முதலில் போய்ச் சேரும் கணக்கு திருடனுடையதாக இருக்காது. கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடையது. அங்கிருந்து இன்னொன்றுக்கு, பிறகு சின்னச் சின்னதாகப் பிரிந்து பலவற்றுக்கு. முதல் கணக்கிலோ இரண்டாவதிலோ இருக்கும்போது பிடித்தால்தான் கிடைக்கும், அதற்கு இருப்பது பெரும்பாலும் சில மணி நேரம். ஆகவே முதலில் வங்கி, அடுத்து காவல்துறை, குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையெல்லாம் அதற்குப் பிறகு. என் அனுபவத்தில் பணத்தைவிட வெட்கம்தான் நேரத்தைத் தின்றது. மூன்றாம் நாள் வந்து, "வீட்ல சொல்லல சார்" என்று தொடங்குவார்கள். செய்திகளை அழிக்காதீர்கள், படமெடுத்து வையுங்கள், புகார் எண்ணை எழுத்தில் வாங்குங்கள். போனில் எதையாவது நிறுவியிருந்தால், கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

சட்டம் பல நாடுகளில் ஒரு கோடு போடுகிறது: உங்களுக்குத் தெரியாமல் போன பணம் வேறு, ஏமாந்து நீங்களே அனுப்பிய பணம் வேறு. முதலாவதில் காலக்கெடுதான் எல்லாம். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத பரிமாற்றத்தை, செய்தி வந்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது. அமெரிக்காவில் டெபிட் கார்டு தொலைந்தது தெரிந்து இரண்டு வேலைநாட்களுக்குள் சொன்னால் உங்கள் பங்கு அதிகபட்சம் 50 டாலர், தாமதித்தால் 500 வரை, கணக்கு அறிக்கை வந்து 60 நாள் தாண்டினால் வரம்பே இல்லாமல் போகலாம். இரண்டாம் வகைக்குப் பாதுகாப்பு பல நாடுகளில் மெலிது. பிரிட்டன் 2024 அக்டோபரிலிருந்து, உள்நாட்டு வங்கிப் பரிமாற்றங்களில் இப்படி ஏமாந்தவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. புகாரில் எதையும் மாற்றி எழுதாதீர்கள். ஓடிபி சொன்னீர்கள் என்றால் சொன்னேன் என்றே எழுதுங்கள்; பதிவுகள் வங்கியிடம் இருக்கின்றன, ஒரு பொய் பிடிபட்டால் மற்ற எல்லா உண்மையும் அடிபட்டுப்போகும்.

பணம் போன சில வாரங்களில் இன்னொரு அழைப்பு வரலாம். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்பார்கள். புகார் எண், தேதி, தொகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள். முதலில் ஏமாற்றிய கும்பலே ஏமாந்தவர்களின் பட்டியலை விற்றிருக்கும், அல்லது அவர்களே திரும்பி வந்திருப்பார்கள். மீட்புக்கு முன்பணம் கேட்டால் அது இரண்டாவது திருட்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஓடிபி சொல்லவில்லை என்பதால் பணம் போயிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் உங்கள் போனுக்கு ஓடிபி ஏதாவது வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால், கார்டின் முழு எண்ணோ கடவுச்சொல்லோ அவர்களிடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார்டை முடக்கிப் புதிது வாங்குங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மின்னஞ்சலில் நான் சொன்ன நாலு இடங்களை இன்றிரவே பாருங்கள். கணக்கைப் பிரிப்பதை இந்த வாரத்துக்குள் முடியுங்கள்.

அவர் மறுபடி கூப்பிடத்தான் செய்வார். இந்த முறை வேறு குரலாக இருக்கலாம்: "போன வாரம் உங்களை ஒரு மோசடிக்காரன் கூப்பிட்டான்ல சார், அது சம்பந்தமா மோசடித் தடுப்புப் பிரிவுலேர்ந்து பேசறோம்." அவருக்கு அது தெரிந்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. திட்டவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம், மாட்டவைக்கலாம் என்று பேச்சை இழுக்கவும் வேண்டாம். வைத்துவிட்டு, கார்டைத் திருப்பி, பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள்.